ஒரு கடை, ஒரு குழம்பு, 154 பேர்: கேலாங் சிராய் ரொஜாக் நிகழ்வு ஆய்வு

2009 ஏப்ரல் தொடக்கத்தில் சிங்கப்பூரின் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரே கடையில் இந்திய ரொஜாக் (பொரித்த பண்டங்களை வெட்டிக் குழம்போடு தரும் உணவு) வாங்கிச் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, நிற்காத வயிற்றுப்போக்கு. கடைசியில் கணக்கு 154 பேரில் போய் நின்றது. அவர்களில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கடையின் வியாபாரம் உடனே நிறுத்தப்பட்டது. நோயாளிகளின் மாதிரிகளில் கிடைத்தது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. பச்சைக் கடலுணவில் இருந்த கிருமி, சமைத்துத் தயாராக வைத்திருந்த பண்டத்துக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று அதிகாரிகளின் விசாரணை சொன்னது.

இந்த நிகழ்வை இப்போது யாராவது நினைவுபடுத்தினால், "அசுத்தமான கடை, அதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் இரவுச் சாப்பாடு நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் உணவங்காடியில்தான். ஒரு குடும்பம் நடத்தும் சின்னக் கடையில் எங்கே எது தவறிப்போகும் என்று தெரிந்துகொள்வதற்கு, இதைவிடத் தெளிவான நிகழ்வு நம் ஊரில் வேறு இல்லை. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் இடம். சிங்கப்பூரின் உணவங்காடி நிலையம் என்பதே சுகாதாரத்துக்காகப் பிறந்த ஏற்பாடு. 1960-களில் அங்காடிக்காரர்கள் தெருவோரத்திலும் ஆற்றங்கரையிலும் விற்றார்கள். குழாய் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில்தான் அத்தனை தட்டும் கழுவியாக வேண்டும். மிச்சம் மீதி சாக்கடைக்குப் போனது. சாக்கடை ஆற்றுக்குப் போனது. காலராவும் டைபாய்டும் சும்மா வரவில்லை. 1968-69-இல் அரசாங்கம் தீவு முழுவதும் கணக்கெடுத்து ஏறத்தாழ 18,000 தெரு அங்காடிக்காரர்களைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூரை, குழாய், வடிகால், குப்பைக்கூடம் உள்ள நிலையங்களுக்கு மாற்றியது. இன்று அப்படி 110-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது குழாயும் வடிகாலும் என்பதை மறந்துவிடக் கூடாது.

2009-இல் கேலாங் சிராயில் பழைய சந்தையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் 2006 முதல் பக்கத்திலேயே ஒரு தற்காலிகச் சந்தையில் இருந்தார்கள். புதுக் கட்டடத்துக்குப் போக இன்னும் சில மாதம்தான் பாக்கி. தற்காலிகமாகப் போட்ட இடத்தில் மூன்று ஆண்டுகள் பிழைப்பு நடத்துவது எப்படி இருக்கும் என்று கடை வைத்தவர்களுக்குத் தெரியும். நாளைக்குக் காலி செய்யப்போகிற இடத்தில் இன்னொரு தொட்டி வைக்கவோ மேசையை மாற்றிப் போடவோ யாருக்கும் கை வராது. இடத்தின் மேல் மட்டும் பழி போட இதைச் சொல்லவில்லை. ஆனால் இடத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

பண்டம்

இந்திய ரொஜாக் இங்கே தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக விற்றுவரும் உணவு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: பழம், காய் வெட்டிப்போட்டுக் கறுப்பு இறால் விழுதில் புரட்டித் தரும் சீன ரொஜாக் வேறு, இது வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள்: மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, தேங்காய் வடை, இறால் வடை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தவு (சோயாப் பாலாடைக் கட்டி), அவித்த முட்டை, மீன் கேக், சிவக்கச் சமைத்த கணவாய். நாம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டியதைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். கடைக்காரர் அதை எண்ணெயில் ஒரு முறை போட்டெடுத்து, பலகையில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி, மேலே வெள்ளரிக்காயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இனிப்பும் காரமுமான செங்குழம்பை ஊற்றித் தருவார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நெருப்பு நடுவில் வருகிறது. அதற்குப் பிறகு மூன்று காரியம் நடக்கிறது: பலகையில் வெட்டு, பச்சைக் காய், குழம்பு. இந்த மூன்றில் எதிலாவது கிருமி ஏறினால் அதைக் கொல்ல அதற்கப்புறம் எந்த அடுப்பும் கிடையாது. நேராக வாய்க்குப் போகிறது. மீன் குழம்பிலோ பிரியாணியிலோ நெருப்பு கடைசிவரை கூட வருகிறது. முன்னால் நடந்த சிறு பிழையை அது மன்னித்துவிடும். ரொஜாக்கில் அந்த மன்னிப்பு இல்லை.

இதே கடையில் பச்சை இறால் இருக்கிறது, பச்சைக் கணவாய் இருக்கிறது. அவற்றைக் கழுவ வேண்டும், ஓடு உரிக்க வேண்டும், நறுக்க வேண்டும். ஒரு தொட்டி, ஒரு மேசை, இரண்டு பேர். அங்காடிக் கடையின் அளவு தெரியும்தானே? ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். இறாலைக் கழுவிய தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் வெள்ளரிக்காய். கணவாயைப் பிடித்த கையில் குழம்புக் கரண்டி. கணவாயை நறுக்கிய கத்தியைத் துணியில் ஒரு துடை துடைத்துவிட்டு அதிலேயே வடையை வெட்டுவது. அந்தத் துணி எதையெல்லாம் துடைத்ததோ அதையெல்லாம் அடுத்த இடத்தில் கொண்டுபோய்ப் பூசும். கிருமி தொற்றிய பாதை என்று விசாரணை ஒரு வாக்கியத்தில் சொன்னதற்கு, கடைக்குள்ளே இத்தனை வாசல் இருக்கிறது.

கிருமி

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் கடலில் வாழ்வது. உப்பு இருந்தால்தான் வளரும். காலராவை உண்டாக்கும் விப்ரியோவுக்கு இது உறவு. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன் பண்டம் ஒன்றைச் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, சுனேசபுரோ ஃபுஜினோ என்ற ஆய்வாளர்தான் முதலில் இதைக் கண்டுபிடித்தார். வெப்பமான கடலில் பிடித்த இறால், நண்டு, கணவாய், சிப்பி எதிலும் இது இருக்கலாம். மீன்காரர் ஏமாற்றினார் என்றோ சரக்கு கெட்டுப்போனது என்றோ அதற்குப் பொருள் கிடையாது. அன்று காலை வந்த நல்ல இறாலிலும் இருக்கும். நாற்றம் காட்டாது, நிறம் காட்டாது.

நல்ல செய்தி, இது நெருப்புக்குத் தாங்காது. நன்றாக வேகவைத்தால் செத்துப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் கிட்டத்தட்ட வளராது. ஆளைப் படுக்கவைக்க ஓரிரண்டு கிருமி போதாது. சாதாரணமாக லட்சக்கணக்கில் உள்ளே போக வேண்டும். அப்படியானால் ஒரு துளி இறால் தண்ணீர் தெறித்ததால் இத்தனை பேர் எப்படி விழுந்தார்கள்?

இங்கேதான் நேரம் வருகிறது. தோதான சூட்டில் இந்தப் பாக்டீரியா சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். உணவு நோய்க் கிருமிகளிலேயே வேகமாகப் பெருகுபவற்றில் இதுவும் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, ஒரு மணி நேரத்தில் 64. இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். கடையில் எல்லாம் இவ்வளவு தோதாக அமையாது என்று வைத்துக்கொண்டாலும், சிங்கப்பூரின் நண்பகல் 31, 32 டிகிரி. அடுப்புப் பக்கம் இன்னும் கூடுதல். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த உணவை விட்டுவைக்காதே என்று உணவுச் சுகாதார வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வெதுவெதுப்பாக, உப்புச் சப்போடு, மாவும் கிழங்கும் கலந்து, காலையிலிருந்து மேசை மேல் இருக்கும் குழம்பைவிட இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

நோயாளிகளின் எண்ணிக்கையே ஒரு துப்பு. ஒரு இறால் வடை சரியாக வேகாமல் போயிருந்தால் அதைத் தின்ற நாலைந்து பேருக்கு வயிறு கெட்டிருக்கும். ரொஜாக் கடையில் ஒவ்வொருவர் தட்டும் வேறு வேறு. ஒருவர் முட்டையும் தவுவும் எடுப்பார், இன்னொருவர் கணவாய் மட்டும் எடுப்பார். அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் இவ்வளவு பேர் ஒன்றாக விழுந்தார்கள் என்றால், எல்லாத் தட்டுக்கும் பொதுவானதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவானவை குழம்பு, பலகை, கத்தி, கடைக்காரரின் கை. நோய்ப்பரவலை ஆராய்பவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். சாப்பிடுகிறவர்களுக்கும் இது உதவும். நாம் எப்போதும் வடையைத்தான் உற்றுப் பார்க்கிறோம். குழம்பை யாரும் பார்ப்பதில்லை.

எலி எங்கே வந்தது

சம்பவத்துக்குப் பிறகு சந்தையை மூடிப் பெரிய அளவில் துப்புரவு செய்தார்கள். எலித் தொல்லை பற்றிய பேச்சு செய்திகளில் பெரிதாக அடிபட்டது. மக்களின் அருவருப்பு முழுக்க எலி மேல் போய்விட்டது. சந்தையில் எலி இருக்கவே கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எலியால் வரும் நோய்கள் தனியாக இருக்கின்றன. ஆனால் கடல் பாக்டீரியாவை எலி கொண்டுவரவில்லை. எலியே இல்லாத, தரை பளபளக்கும் கடையிலும் ஏப்ரல் மாதம் நடந்தது அப்படியே நடந்திருக்கலாம். பச்சைக் கணவாயும் வெட்டுப் பலகையும் சந்தித்தால் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கின் மேல் கோபப்படுவது சுலபம். அதைக் கழுவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதியும் வரும். இந்த நிகழ்வில் ஆபத்து இருந்தது வேலையின் வரிசையில். எதை முதலில் நறுக்கினார்கள், நடுவில் எதைக் கழுவினார்கள், குழம்பு எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது. இவை எதுவும் தரையில் கறையாக விழாது.

கடை முகப்பில் தொங்கும் தர எழுத்துக்கும் இது பொருந்தும். 1997 முதல் அங்காடிக் கடைகளுக்கு ஏ, பி, சி, டி என்று சுத்தத்துக்குத் தரம் கொடுத்தார்கள். அந்த எழுத்தைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தவர்கள் நிறையப் பேர், நானும்தான். பரிசோதகர் வருகிற அன்று தரை, தொட்டி, குப்பைத்தொட்டி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் எப்படி இருக்கிறது என்று அது காட்டும். மதியம் பன்னிரண்டரைக்கு இருபது பேர் வரிசையில் நிற்கும்போது கத்தி எங்கே போய் வருகிறது என்று அது எப்படிக் காட்டும்? ஒரு நாள் பார்வையின் இந்தக் குறை அதிகாரிகளுக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் உணவு அமைப்பு, ஆண்டுக்கணக்கில் ஒரு கடை வைத்திருக்கும் பதிவைக் கணக்கில் எடுக்கும் முறையை நோக்கி நகர்ந்ததில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படலாம், ரத்தும் ஆகலாம். உணவைக் கையாளுகிற ஒவ்வொருவரும் வகுப்புக்குப் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டம் தளர்வாக இல்லை. சட்டம் எட்டிப்பார்க்காத அந்த மதிய நேரம்தான் இன்னும் கடைக்காரர் கையில் இருக்கிறது.

சின்னக் கடை என்பதால்தான் இப்படி ஆனது, பெரிய உணவகத்தில் நடக்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் ஓர் உணவகம் அனுப்பிய பொட்டலச் சாப்பாட்டால் 82 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அங்கே கிருமி சால்மனெல்லா. பெரிய சமையலறையில் ஒரு பிழை நடந்தால் அது அதிகத் தட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

2015-இல் நடந்தது வேறு வகை. கஞ்சியோடு தொட்டுக்கொள்ளும் பச்சை நன்னீர் மீனைச் சாப்பிட்டவர்களுக்கு பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் மூளையுறை அழற்சியும் ரத்தத்தில் கிருமி கலப்பதும் ஏற்பட்டன. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. அங்கே எந்தக் கடைக்காரரும் கத்தியை மாற்றாமல் இருந்ததால் வந்த வினை அது என்று சொல்ல முடியாது, பண்டமே பச்சை. எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் அந்த ஆண்டு டிசம்பரில், பச்சை நன்னீர் மீனை அப்படியே சாப்பிடத் தருவதற்கே தடை போட்டார்கள். ரொஜாக்குக்கு அப்படி ஒரு தடை தேவைப்படவில்லை. இரண்டு நிகழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்: ரொஜாக் ஆபத்தான உணவு கிடையாது. சரியான வரிசையில் செய்தால் முழுக்கப் பாதுகாப்பான உணவு.

கத்தியை மாற்றுகிறவர்

சரியான வரிசை எப்படி இருக்கும் என்பதை ஏட்டில் தேட வேண்டியதில்லை. எங்கள் பேட்டையில் கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு கடை இருக்கிறது. கடலுணவு வேலை முழுவதும் கடை திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். இறால், கணவாய் எல்லாம் கழுவி, நறுக்கி, சமைத்தானதும், பாய் தொட்டியையும் மேசையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து, காயவிடுவார். மேசை காய்ந்த பிறகுதான் வெள்ளரிக்காய் வெளியே வரும். பச்சைக் கடலுணவுக்கு ஒரு சிவப்புப் பலகை; அது மேசைக்குக் கீழே தட்டில் போய்விட்டால் மாலை வரை மேலே வராது. வெட்டித் தருவதற்குப் பச்சை நிறப் பலகை.

குழம்புப் பானை பின்னால் சிறு தீயில் இருக்கும். மேலே லேசாகக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். முன்னால் இருப்பது அரை லிட்டர் பிடிக்கும் ஒரு தூக்கு. அது தீரத் தீரப் பின்னாலிருந்து ஊற்றிக்கொள்வார். தீர்ந்த தூக்கில் அப்படியே மேலே ஊற்றாமல், அதைக் கழுவப் போட்டுவிட்டு இன்னொரு தூக்கை எடுப்பார். பழைய குழம்பின் மேல் புதிய குழம்பை ஊற்றினால், பழையதில் வளர்ந்தது புதியதிலும் குடியேறும். எத்தனையோ நல்ல கடைகளில் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுவதைப் பார்க்கிறேன். காசு வாங்குவது, மீதி கொடுப்பது எல்லாம் அக்கா வேலை. பாயின் கை காசைத் தொடாது.

ஒரு நாள் மதியம் நல்ல கூட்டம். வழக்கத்துக்கு மாறாக, இன்னொரு கடைக்கு அனுப்ப வேண்டிய கணவாய் ஒன்றை அவசரத்துக்குப் பாய் நறுக்க வேண்டியிருந்தது. வரிசையில் இருந்த ஓர் அம்மா, "பாய், நேரமாச்சு, சட்டுனு குடுங்க" என்றார். அவர் தலை நிமிராமல், "இருங்கக்கா, கத்திய மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, வேறு கத்தியை எடுத்து, அப்புறம்தான் வடையைத் தொட்டார். முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் நின்ற ஒருவர் அலுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். அந்த ஒரு நிமிடத்துக்கும் போன ஒரு வாடிக்கையாளருக்கும் பாய் கையிலிருந்து விலை கொடுக்கிறார். அதை நாம் பார்த்தோம் என்று அவரிடம் சொல்வதற்கு நம் ஊரில் ஆள் குறைவு. "நீண்ட வரிசை இருந்தால் நல்ல கடை" என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். வரிசை ருசியைச் சொல்லும்; பண்டம் பெட்டிக்குள் கிடக்காமல் வேகமாக விற்றுப்போவதையும் சொல்லும். ஆனால் கூட்டம் கூடினால் கை அவசரப்படும், கத்தி மாறாது. நீண்ட வரிசைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

சாப்பிடுகிறவர்கள் கடைக்காரரை விசாரணை செய்ய வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் கண் போகிற இடத்தை மாற்றினால் போதும். தரையைப் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள். பச்சையும் சமைத்ததும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா, துடைக்கும் துணி ஒன்றேதானா, குழம்பிலிருந்து ஆவி வருகிறதா. ஆவி வராவிட்டால், "பாய், குழம்பைக் கொஞ்சம் சூடு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வெள்ளரிக்காய் வாடி, காலையில் வெட்டியது போல் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பொட்டலம் கட்டி வாங்கிப்போகிறவர்களின் பங்கும் இதில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வாங்கி, அலுவலக மேசையில் வைத்துவிட்டு, கூட்டம் முடிந்து மூன்று மணிக்குப் பிரிப்பவர்கள் எத்தனை பேர்! மேலே போட்ட கணக்கு கடைக்குள் மட்டும் நடப்பது இல்லை. பிளாஸ்டிக் பைக்குள்ளும் நடக்கும். சூடாக வாங்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், முடியாது என்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பிறகு கொதிக்கச் சூடாக்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், வயதானவர்கள் இதில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் தானாக அடங்குகிற இந்த நோய் அவர்களிடம் உயிர்வரை போகலாம்.

அப்படியே வயிறு கெட்டுவிட்டால்? பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு நாளுக்குள் தொடங்கும். நீரும் உப்பும் உடம்பை விட்டுப் போவதுதான் முதல் ஆபத்து. உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, மயக்கம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பலர் இதை வெட்கப்பட்டோ கடைக்காரருக்குப் பாவம் பார்த்தோ சொல்லாமல் விடுகிறார்கள். கேலாங் சிராயில் வேறு வேறு மருத்துவரிடம் போன வேறு வேறு குடும்பங்களை ஒரே கடையோடு இணைக்க முடிந்தது, நோயாளிகள் வாய்திறந்து சொன்னதால்தான். சொல்லாமல் விட்டால் கடை மறுநாளும் திறந்திருக்கும். அது கடைக்காரருக்கும் நன்மை கிடையாது. பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கிடையாது, ஏனென்றால் பெரிதாக வெடித்த பிறகு மக்கள் ஒரு கடையை மட்டும் ஒதுக்குவதில்லை, மொத்தச் சந்தையையும் ஒதுக்குகிறார்கள்.

யார் விலை கொடுப்பது

இரண்டாவது தொட்டி, இரண்டாவது மேசை, குழம்புக்கு ஓயாமல் எரியும் அடுப்பு, காசு வாங்கத் தனியாக ஒரு ஆள். பாதுகாப்பு என்பது கடைசியில் இவைதான், இவை எல்லாவற்றுக்கும் பணம் ஆகும். சிங்கப்பூர் அங்காடிக்காரர்களில் பாதிப் பேர் 60 வயதை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து, பத்து மணி நேரம் நின்று, முழங்கால் வலியோடு வேலை செய்கிற ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் குனிந்து சிவப்புப் பலகையைக் கீழே வை என்று சொல்வது எளிது. அதே வாயால்தான் தட்டுக்கு ஐம்பது காசு ஏற்றினால் முணுமுணுக்கிறோம். மலிவாகவும் வேண்டும், வேகமாகவும் வேண்டும், பாதுகாப்பாகவும் வேண்டும் என்று மூன்றையும் வயதான இரண்டு பேரின் உடம்பிலிருந்து எடுக்க முடியாது.

2017-இல் அங்காடிக்காரர்கள் வேலையைச் சுலபமாக்கும் கருவிகள் வாங்க அரசாங்கம் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. செலவில் 80 விழுக்காட்டைக் குறிப்பிட்ட உச்சவரம்புவரை திருப்பித் தரும் ஏற்பாடு. காய் நறுக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று பேச்சு உற்பத்தித்திறனைச் சுற்றியே போகிறது. என்னைக் கேட்டால், குழம்பையும் சம்பாலையும் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் சின்னச் சூட்டுத்தொட்டிக்கும், வெட்டிய காயை வைக்க மேசைக்கடியில் பொருந்தும் குளிர்பதனப் பெட்டிக்கும் முதல் இடம் கொடுக்க வேண்டும். நிலையங்களைப் புதுப்பிக்கும்போது ஈரக் கடலுணவு கையாளும் கடைகளுக்கு இரட்டைத் தொட்டி கட்டாயமாக வரைபடத்திலேயே வர வேண்டும். கடைக்காரரே பிறகு சொந்தச் செலவில் இடித்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. தற்காலிகச் சந்தை போடும்போதும் இதே விதிதான். மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பம் பிழைக்கும் இடம், அந்த மூன்று ஆண்டுகளும் பல நூறு பேர் தினமும் சாப்பிடும் இடம். "தற்காலிகம்" என்று எழுதியிருப்பதற்காக அங்கே ஒரு தொட்டி குறையக் கூடாது.